நேராக நிற்காத சுவரை வரைவது எப்படி?

லேசரால் ஸ்கேன் செய்த ஒரு நடைக்கூடத்தின் கிடைவெட்டு கணினித் திரையில் விரிந்திருக்கிறது. தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கத்தியால் சீவி, ஒரு மெல்லிய துண்டை மட்டும் எடுத்து மேலிருந்து பார்ப்பது போன்ற காட்சி. எட்டி நின்று பார்த்தால் சுவர் ஒரு கோடு. பெரிதாக்கிக்கொண்டே போனால் அந்தக் கோடு கலைகிறது; ஏழெட்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் புள்ளிகள் சிதறிய ஒரு பட்டையாக மாறுகிறது. அந்தப் பட்டையும் நேராக இல்லை. இரண்டு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்துப் பார்த்தால், நடுவில் சுவர் 22 மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கிறது. கட்டடத்தின் கணினி மாதிரியை வரைபவர் இங்கே ஒரு சுவரை வைக்க வேண்டும். மென்பொருள் தரும் சுவரோ அளவுகோல் போல நேரானது. அதன் இரு முகங்களும் பிசகாமல் இணையானவை. அதை எங்கே வைப்பது? முனைகளை ஒட்டியா, நடுவை ஒட்டியா, இரண்டுக்கும் பொதுவாகவா?

நிற்கும் கட்டடத்தை லேசரால் ஸ்கேன் செய்து கணினி மாதிரி ஆக்கும் வேலையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்கேனரை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் மாதிரி வந்து விழுந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லேசர் கொடுப்பது சாட்சியம் மட்டுமே. அந்தச் சாட்சியத்தைக் கேட்டு, எது சுவர், எது தூண், எது பிழை என்று ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்வது மனிதர். ஒரு பெரிய கட்டடத்தின் மாதிரியில் ஆயிரக்கணக்கான தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. எதை வைத்து அவை சொல்லப்பட்டன என்பது தெரியாமல் மாதிரியைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

முதலில் சாட்சியம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். முக்காலியில் நிற்கும் ஸ்கேனருக்குள் ஒரு சிறு கண்ணாடி செங்குத்தாக வேகமாகச் சுழல்கிறது. கருவியின் உடல் கிடையாக மெல்லத் திரும்புகிறது. கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் லேசர் கற்றை சுவரையோ கூரையையோ தொட்டுத் திரும்பி வருகிறது. எந்தக் கோணத்தில் போனது, எவ்வளவு தூரம் போனது என்ற இரண்டும் தெரிந்தால் அந்தப் புள்ளியின் இடம் தெரிந்துவிடும். கோணம் அளப்பது பழைய கலை. தூரம் அளப்பதில்தான் வியப்பு இருக்கிறது. ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சுவர் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், போய்வரும் நேரத்தில் ஏற்படும் மாற்றம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஏறக்குறைய 7 பங்கு. ஒரு வகைக் கருவிகள் துடிப்பாக ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளக்கின்றன. இன்னொரு வகை, ஒளியின் பிரகாசத்தை அலையலையாக ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. இந்த இரண்டாவது வகையில் நீண்ட அலையையும் குறுகிய அலையையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். கடிகாரத்தின் மணி முள் தோராயமாகச் சொல்வதை நிமிட முள் துல்லியமாகச் சொல்வது போல, நீண்ட அலை தூரத்தைத் தோராயமாகக் காட்டும். குறுகிய அலை அதைச் செம்மையாக்கும்.

இன்றைய கருவிகளில் சில நொடிக்கு 20 லட்சம் புள்ளிகள் வரை எடுக்கின்றன. 10 மீட்டர் தூரத்தில் புள்ளிக்குப் புள்ளி 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு அமைத்து ஒரு முழுச் சுற்று எடுத்தால், ஏறக்குறைய 4 கோடி புள்ளிகள் கிடைக்கும். 50 இடங்களில் நிறுத்தி எடுத்தால் 200 கோடி. இந்தப் பெருந்திரளைத்தான் பாயின்ட் கிளவுட் என்கிறார்கள். தமிழில் புள்ளித்திரள் என்று சொல்லலாம். பார்ப்பவர்களை மயக்கும் எண்ணிக்கைதான். ஆனால் 10 மீட்டரில் 6 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 30 மீட்டரில் 18 மில்லிமீட்டர் ஆகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. உயரமான கூரையின் விளிம்பு அலங்காரம், ஸ்கேனரின் அருகில் இருக்கும் கதவுப் பிடியைப் போலத் தெளிவாகத் தெரியாது. ஒரே கோப்பில் இருப்பதால் எல்லாப் புள்ளிகளும் ஒரே தரம் என்று கொள்ள முடியாது.

ஸ்கேனர் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டுவது மட்டுமே பதிவாகும். தூணுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. மேசைக்கு அடியில் இருட்டு. முக்காலியின் கீழே வட்டமாக ஒரு ஓட்டை. அதனால்தான் இடம் மாற்றி இடம் மாற்றி எடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிலையிலும் கருவி தன்னையே மையமாக வைத்து அளந்திருக்கும். அந்தத் தனித்தனிக் கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே கட்டடமாக்க வேண்டும். துறையில் இதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். சாதாரண ஆட்கள் பார்வையில் படாத இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வேலைகள் நேராகின்றன, அல்லது கோணலாகின்றன.

பொருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெள்ளை உருண்டைகளையோ கட்டம் போட்ட அட்டைகளையோ ஆங்காங்கே வைத்து, இரண்டு நிலைகளிலும் தெரியும் அடையாளங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது ஒன்று. இரண்டு திரள்களிலும் பொதுவாக விழுந்த பரப்புகளைக் கொண்டு கணினியே பொருத்திக்கொள்வது மற்றொன்று. 1992இல் பால் பெஸ்ல், நீல் மெக்கே இருவரும் வெளியிட்ட முறையும் அதன் வழித்தோன்றல்களும் இன்றும் இதற்குப் பயன்படுகின்றன. ஒரு திரளின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடு, மொத்த விலகல் குறையுமாறு திரளை நகர்த்து, மறுபடியும் தேடு, மறுபடியும் நகர்த்து என்பதுதான் அதன் சாரம். எளிமையும் அழகும் உள்ள முறை. ஆனால் நீண்ட, வழுவழுப்பான, கதவுகள் குறைந்த நடைக்கூடத்தில் அது ஏமாந்துபோகும். திரள் நடைக்கூடத்தின் நீளவாக்கில் ஓர் அடி வழுக்கினாலும் சுவரோடு சுவர், தரையோடு தரை பொருந்தியேதான் தெரியும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கணக்கு சரியாக வரும் இடத்தில், பொருந்திவிட்டது என்ற செய்திக்கு மதிப்பில்லை.

பொருத்தி முடித்ததும் மென்பொருள் ஓர் அறிக்கை கொடுக்கும்: சராசரிப் பிழை 2 மில்லிமீட்டர். பலர் அதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு நிலைகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சங்கிலி முழுவதும் மெல்ல வளைந்திருந்தால் அதைச் சொல்லாது. 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடத்தில் வெறும் 0.02 பாகை திரும்பினால் போதும், மறுமுனை 21 மில்லிமீட்டர் விலகிவிடும். அந்தச் சிறு திருப்பத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு வேலையில் இது நடந்தது. இரண்டு தளங்கள், இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு மாடிப்படியின் வழியாக எடுத்த நான்கைந்து ஸ்கேன்கள் மட்டுமே. ஒவ்வொரு தளமும் தனித்தனியே பார்க்க அவ்வளவு நேர்த்தி. மாதிரி முடிந்து தூண்களைச் சரிபார்த்தபோது, படிக்கு அருகில் மேல்தளத் தூணும் கீழ்த்தளத் தூணும் நேர்நேராக நின்றன. படியை விட்டுத் தள்ளிப் போகப் போக மேல்தூண்கள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போய், கடைசித் தூணில் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியது. கட்டடம் சாய்கிறதோ என்று கட்டமைப்புப் பொறியாளர் கவலையோடு கேட்டார். எல்லாத் தூண்களும் படியை அச்சாகக் கொண்டு, தூரத்துக்கு ஏற்பத் திரும்பியிருந்தன என்பதே விடையைச் சொல்லிவிட்டது: திரும்பியது கட்டடம் இல்லை, திரள். வெளிச்சுவரைச் சுற்றி இரண்டு தளங்களும் சேர்ந்து தெரியும்படி ஒரு வளையம் எடுத்திருந்தால், அல்லது டோட்டல் ஸ்டேஷன் என்ற, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவியை வைத்துச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தனியாக அளந்திருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தக் கட்டுப்பாட்டு அளவீட்டைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து, ஸ்கேனரைச் சாராத இன்னொரு கருவி அளந்த சரிபார்ப்புப் புள்ளிகள் இல்லாத திரளை நான் முழுமையாக நம்புவதில்லை.

லேசர் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த சுவரை ஸ்கேன் செய்தால், கற்றை கண்ணாடியில் பட்டு மடங்கி எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பும். தான் மடங்கியது கருவிக்குத் தெரியாது. நேராகப் போனதாகவே கணக்கிட்டு, கண்ணாடிக்கு அப்பால் புள்ளிகளை வைத்துவிடும். விளைவு, சுவருக்குப் பின்னால் கதவு, விளக்கு, இருக்கை எல்லாம் உள்ள முழு அறை ஒன்று முளைத்திருக்கும். அந்த அறையைப் பார்க்கும்போது முதலில் சந்தேகமே வராது. அவ்வளவு உண்மையாக இருக்கும். உள்ளே போய் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். பொய் அறையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை அது.

சன்னல் கண்ணாடியில் கதை வேறு. கற்றையின் பெரும்பகுதி ஊடுருவி வெளியே போய்விடுவதால், கண்ணாடி இருந்த இடம் வெறும் துளையாகத் தெரியும். பளபளக்கும் கருங்கல்லும் மெருகேற்றிய எஃகும் கற்றையை வேறெங்கோ தெறிக்கவிட்டுவிடுகின்றன. தூணின் விளிம்பில் கற்றையின் பாதி தூணிலும் பாதி பின்சுவரிலும் விழுந்தால், இரண்டுக்கும் நடுவே காற்றில் ஒரு புள்ளி மிதக்கும். விளிம்பு நெடுகிலும் இப்படி மிதக்கும் புள்ளிகள் சேர்ந்து வால் போலத் தொங்கும். ஸ்கேன் நடக்கும்போது குறுக்கே போன மனிதர் பல கீற்றுகளாகச் சிதறியிருப்பார். இவற்றையெல்லாம் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பதிலும் தீர்ப்பு இருக்கிறது. அதிகமாகத் துடைத்தால் மெல்லிய குழாயும் மின்கம்பியும் பிழை என்று போய்விடும்.

சரி, திரள் சுத்தமாகிவிட்டது, சரியாகவும் பொருந்திவிட்டது. இன்னமும் அது கட்டடத்தின் மாதிரி ஆகவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் தன் இடம் தெரியும், எவ்வளவு ஒளி திரும்பியது என்று தெரியும், நிறமும் தெரிந்திருக்கலாம். தான் ஒரு சுவரைச் சேர்ந்தவன் என்பது மட்டும் தெரியாது. புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து ஒரு தோல் போர்த்தலாம். சுற்றிப் பார்க்க அழகாக இருக்கும். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறவருக்குத் தோல் போதாது. இந்தச் சுவரை எடுத்தால் என்ன ஆகும், இந்தத் தளத்தில் எத்தனை கதவுகள், கூரைக்கும் உத்தரத்துக்கும் இடையே எவ்வளவு இடம் என்று கேட்டால் விடை சொல்லும் மாதிரி வேண்டும். அதற்குத்தான் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடல், சுருக்கமாக பிம். அதில் சுவர் என்பது ஒரு பொருள். அதற்குத் தடிமன் உண்டு, உயரம் உண்டு, எதனால் ஆனது என்ற குறிப்பு உண்டு. சுவரை நகர்த்தினால் அதிலுள்ள கதவும் சேர்ந்து நகரும். கட்டடத்தைக் கோடுகளாக இல்லாமல் உறுப்புகளாகக் கணினியில் விவரிக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975லேயே எழுதிவிட்டார்.

ஆனால் இந்த மென்பொருள்கள் எல்லாம் இனிமேல் கட்டப்போகும் கட்டடங்களுக்காகப் பிறந்தவை. அங்கே சுவர் செங்குத்தாக நிற்கும், மூலை மட்டமாக இருக்கும், ஒரு தளத்தின் தரை ஒரே உயரத்தில் இருக்கும். நிற்கும் கட்டடம் அப்படி இருப்பதில்லை. தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்துக் கவனமாகக் கட்டியதுகூட ஆண்டுகள் போகப் போக அமிழ்கிறது, வளைகிறது, பூச்சின் மேல் பூச்சு ஏறித் தடிக்கிறது. ஓர் அறையின் மூலை 90 பாகைக்குப் பதில் 89.6 பாகையாக இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. 8 மீட்டர் நீளச் சுவரை மூலைமட்டத்துக்கு இழுத்து நேராக்கினால், அதன் மறுமுனை 56 மில்லிமீட்டர் தவறான இடத்தில் போய் நிற்கும். அந்தத் தவறு அடுத்த அறைக்குத் தாவும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மாறாக, இருக்கும் கோணத்திலேயே ஒவ்வொரு சுவரையும் வரைந்தால் மாதிரி உண்மையாக இருக்கும். ஆனால் அதை வைத்து வடிவமைக்க வருபவர் எந்த இரண்டு சுவரும் இணையாக இல்லாத, எந்த அளவும் முழு எண்ணாக வராத ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டுமே நேர்மையான வழிகள்தாம். எந்த வழியை எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

முதலில் பார்த்த அந்த 22 மில்லிமீட்டருக்கும் இப்படித்தான் விடை தேட வேண்டும்: மாதிரி எதற்கு? கட்டடம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிடுவதற்கு என்றால், புள்ளிகளின் நடுவே பொதுவான ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிட்டுப் போகலாம். 22 மில்லிமீட்டர் அந்தக் கணக்கை அசைக்காது. நடைக்கூடத்தில் முன்கூட்டியே செய்த அலமாரிகளைப் பதிக்கப் போகிறார்கள் என்றால், சராசரிக் கோடு ஆபத்து. மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் அங்கே தேவை. இல்லாவிட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்த அலமாரி சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். பழைய கட்டடத்தைப் பாதுகாக்கும் வேலை என்றால், அந்த வளைவே செய்தி. சுவர் ஏன் உள்வாங்கியது, இன்னும் வாங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதை நேராக வரைவது நோயாளியின் காய்ச்சலை ஏட்டிலிருந்து அழிப்பதற்குச் சமம். அந்த நிலையில் வளைவோடு வரையலாம். அல்லது நேர்ச் சுவரை வரைந்து, அதற்கும் புள்ளிகளுக்கும் உள்ள விலகலை நிறங்களால் காட்டும் படம் ஒன்றை உடன் வைக்கலாம். பச்சை நிறம் ஒத்துப்போகும் இடம், சிவப்பு விலகிய இடம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. மாதிரியும் எளிமையாக இருக்கும், உண்மையும் மறைக்கப்படாது.

இந்தப் பேச்சை ஒப்பந்தத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் கட்டட ஆவணப்படுத்தல் அமைப்பான யுஎஸ்ஐபிடி ஒரு துல்லியப் படிநிலையை வகுத்திருக்கிறது. அதில் 20ஆம் படி என்றால் 15 மில்லிமீட்டர் முதல் 5 சென்டிமீட்டர் வரையிலான விலகல். 30ஆம் படி 5 முதல் 15 மில்லிமீட்டர். 40ஆம் படி 1 முதல் 5 மில்லிமீட்டர். இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம், அளந்ததன் துல்லியத்தையும் வரைந்ததன் துல்லியத்தையும் அது தனித்தனியாகக் கேட்பது. 3 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்த சுவரை 4 சென்டிமீட்டர் துல்லியத்தில் வரைய நேரலாம், அதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்தில் 3 என்று போட்டுவிட்டு, கையில் 4 சென்டிமீட்டர் மாதிரியைக் கொடுப்பது வாடிக்கையாகிவிட்டது. வேலை கொடுப்பவர்கள் ஸ்கேனரின் துல்லியத்தை மட்டும் விசாரித்துவிட்டு, மாதிரியின் துல்லியத்தைக் கேட்காமல் விடுவதே இதற்கு இடம் கொடுக்கிறது.

சுவரின் தடிமன் இன்னொரு தொல்லை. லேசர் முகத்தை மட்டும் பார்க்கிறது. இந்தப் பக்க அறையின் ஸ்கேனும் அந்தப் பக்க அறையின் ஸ்கேனும் சரியாகப் பொருந்தியிருந்தால் நடுவிலுள்ள வெற்றிடம்தான் தடிமன். பொருத்தம் 10 மில்லிமீட்டர் பிசகியிருந்தால் சுவர் 10 மில்லிமீட்டர் கொழுத்துவிடும், அல்லது இளைத்துவிடும். கதவுத் திறப்பில் சுவரின் வெட்டுமுகம் நேரடியாகத் தெரிவதால், அனுபவமுள்ளவர்கள் அங்கே அளந்து ஒப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா, இடையில் குழாய் ஓடும் உள்கூடா என்பதைப் புள்ளிகள் சொல்லவே சொல்லா. பொய்க்கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் அப்படியே. சில பலகைகளைக் கழற்றி, கருவியை உயர்த்தி எடுத்தால்தான் அங்கே ஓடும் காற்றுக்குழாய்களும் உத்தரங்களும் தெரியும். கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைத் தேட ரேடார் வேண்டும். ஆனால் மாதிரியில் எதையாவது நிரப்பியே ஆக வேண்டும்; சுவருக்கு வகை கொடுக்காமல் மென்பொருள் விடாது. அப்படித்தான் ஊகங்கள் உள்ளே நுழைகின்றன. ஒருமுறை நுழைந்துவிட்டால் அளந்ததற்கும் ஊகித்ததற்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே கூர்மையான விளிம்போடு நிற்கும்.

கணினியே இந்த வேலையைச் செய்துவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு செய்கிறது. சிதறிய புள்ளிகளிலிருந்து மூன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு தளத்தை அமைத்து, எத்தனை புள்ளிகள் அதில் படிகின்றன என்று எண்ணி, சிறந்ததை வைத்துக்கொள்ளும் முறைக்கு 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் வழிகாட்டினார்கள். தரையையும் கூரையையும் பெரிய சுவர்களையும் இன்றும் அப்படிப் பிரித்தெடுக்கிறார்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான பாயின்ட்நெட், புள்ளிகளை நேரடியாக உள்வாங்கி இது சுவர், இது நாற்காலி, இது கதவு என்று பெயரிடக் கற்றுக்கொண்டது. அதன்பின் வந்தவை இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. பல அறைகள் கொண்ட அலுவலகக் கட்டடத்தில் இவை மனித உழைப்பைப் பெருமளவு குறைக்கின்றன, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பெயரிடுவதோடு வேலை முடிவதில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவர் தொடர்கிறதா, அங்கே அடைத்த சன்னல் இருக்கிறதா? இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் எது எதன் மேல் முட்டுகிறது? தூண் சுவருக்குள் புதைந்து, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது தூணா, பூச்சின் மேடா? கட்டடம் கட்டும் முறை தெரிந்தவருக்கு விடை தோன்றும்: இந்த வரிசையில் ஆறு மீட்டருக்கு ஒரு தூண் வருகிறது, ஆகவே இங்கேயும் ஒன்று இருக்க வேண்டும். அந்த அறிவு புள்ளிகளுக்குள் இல்லை.

இந்தத் துறையின் வரலாறே கட்டடங்களை இழந்துவிடும் அச்சத்தோடு பின்னிக் கிடக்கிறது. வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதல் முப்பரிமாண லேசர் ஸ்கேனர்களில் ஒன்றை உருவாக்கியவர் ஈராக்கில் பிறந்த பொறியாளர் பென் காசிரா. தன் நிறுவனத்தை 2001இல் அளவைக் கருவிகள் செய்யும் லைக்கா நிறுவனத்துக்கு விற்றார். அதே ஆண்டு ஆப்கானிஸ்தானில் பாமியன் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன. 2003இல் அவர் சைஆர்க் என்ற அமைப்பைத் தொடங்கி, உலகின் பழஞ்சின்னங்களை ஸ்கேன் செய்து சேமிக்க முனைந்தார். உகாண்டாவில் புகண்டா மன்னர்களின் கசுபி கல்லறை மாளிகை 2009இல் அப்படி ஸ்கேன் செய்யப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் அது தீயில் எரிந்துபோனது.

பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தின் கதை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. கலை வரலாற்று அறிஞர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஸ்கேனரை நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைச் சேர்த்தார். மேற்குப் பக்கத்தில் உள்தூண்கள் ஒரே வரிசையில் இல்லை என்பதை அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்தன. அவர் 2018 நவம்பரில் காலமானார். ஐந்தே மாதங்களில், 2019 ஏப்ரல் 15 அன்று, பேராலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. மறுசீரமைப்பில் அவருடைய ஸ்கேனும் வேறு ஸ்கேன்களும் பெரும் துணையாக இருந்தன; அவற்றின் அடிப்படையில் பிம் மாதிரியும் உருவாக்கப்பட்டது. ஆனால் எரிந்துபோன மரக்கூரையை மீட்டெடுக்க, 2014இல் இரண்டு கட்டடக் கலைஞர்கள் அதை உத்தரம் உத்தரமாக ஆராய்ந்து தயாரித்த வரைபடங்கள் இன்றியமையாதவையாக இருந்தன. எந்த மரம் எதற்குள் எப்படிப் பொருந்தியது என்பது அவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு எழுதியது. இன்னொன்றும் நடந்தது. 1160களிலேயே கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புக் கவ்விகளைப் பரவலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற உண்மை, தீக்குப் பிறகு நடந்த ஆய்வில்தான் வெளிப்பட்டு 2023இல் பதிவானது. 100 கோடி புள்ளிகளும் அந்தக் கற்களின் முகத்தைத் தடவியவை; உள்ளே இருந்த இரும்பைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல அவற்றால் முடியவில்லை.

அதனால்தான் மாதிரியைக் கையளிக்கும்போது அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மூலப் புள்ளித்திரள், எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் திறக்கக்கூடிய இ57 போன்ற பொது வடிவத்தில் வேண்டும். மாதிரியில் செய்த தீர்ப்பு தவறு என்று பத்தாண்டு கழித்து ஒருவர் சந்தேகப்பட்டால் திரும்பிப் போய்ப் பார்க்கச் சாட்சியம் இருக்க வேண்டும் அல்லவா? ஸ்கேன் செய்த தேதி வேண்டும். சரிபார்ப்புப் புள்ளிகளின் பட்டியல் வேண்டும். கருவியால் எட்ட முடியாமல் போன அறைகளின் பெயர்கள் வேண்டும். பூட்டியிருந்த அறை மாதிரியில் மற்ற அறைகளைப் போலவே முழுமையாகத் தெரிந்தால் அதைவிடப் பெரிய ஏமாற்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு உறுப்பிலும் அது எப்படித் தெரிந்தது என்ற ஒரு சிறு குறிப்பு வேண்டும். பிம் மென்பொருள்களில் இதற்குத் தனிப் புலம் ஒன்றைச் சேர்ப்பது அரை நாள் வேலை.

அந்த நடைக்கூடச் சுவருக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். அங்கே அலமாரி வரப்போகிறது என்று கேட்டறிந்தபின், நடைக்கூடத்தை மிகக் குறுகலாக்கும் புள்ளிகளைத் தொட்டபடி நேர்ச்சுவரை வைத்தோம். விலகல் படத்தை இணைத்தோம். அந்தச் சுவரைச் சொடுக்கினால் திறக்கும் பட்டியலில் மூன்று வரிகள் இருக்கின்றன: முகம், இரு பக்கமும் ஸ்கேனில் அளந்தது. தடிமன், வடக்குக் கதவுத் திறப்பில் சரிபார்த்தது. உட்பொருள் செங்கல், ஊகம்.